இருட்டை இருட்டாகவே விடுங்கள்: பழைய திகில் படங்களை வட்டில் வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். பழைய திகில் படங்களின் உரிமையை வாங்கி, செப்பனிட்டு, டிவிடியாகவும் புளூரேயாகவும், அதைவிட நுணுக்கமான படம் தரும் 4கே வட்டாகவும் வெளியிடும் நிறுவனங்கள் அனைத்துக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் செய்திருக்கும் வேலை இன்னும் பல தலைமுறைகளுக்கு நிற்கும். வேறு சிலர் அதே மாதிரிப் படங்களை உருத்தெரியாமல் சிதைத்துவிட்டு, உறையில் ‘புதுப்பொலிவுடன்’ என்று அச்சிட்டு விற்கிறீர்கள். இரண்டும் ஒரே அலமாரியில்தான் நிற்கின்றன. எது எந்த வகை என்பதை வாங்கும் முன் அறிய எங்களுக்கு வழியே இல்லை.

என் கோரிக்கை இதுதான். படம் வெளியான காலத்தில் திரையரங்கில் எப்படித் தெரிந்ததோ, எப்படி ஒலித்ததோ, அதை அளவுகோலாகக் கொள்ளுங்கள். அதிலிருந்து விலக நேர்ந்தால் எங்கே விலகினீர்கள், ஏன் விலகினீர்கள் என்பதை உறையிலேயே எழுதுங்கள்.

இதை விளக்க ‘சஸ்பிரியா’வைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. தாரியோ அர்ஜென்டோ இயக்கி 1977-இல் வெளிவந்த இத்தாலியப் படம். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் உள்ள ஒரு நடனப் பள்ளிக்கு அமெரிக்காவிலிருந்து வருகிறாள் சூசி பேனியன். அந்தப் பள்ளியை நடத்துவது சூனியக்காரிகள் என்று கண்டுகொள்கிறாள். கதை இவ்வளவுதான். இந்தக் கதைக்காக யாரும் அந்தப் படத்தை மறுபடி மறுபடி பார்ப்பதில்லை. அந்தச் சிவப்புக்காகப் பார்க்கிறார்கள். கூடத்தின் சுவரிலும் சூசியாக நடித்த ஜெசிக்கா ஹார்ப்பரின் முகத்திலும் சட்டென்று ஏறி இறங்கும் நீலத்துக்காகவும் பச்சைக்காகவும் பார்க்கிறார்கள். ஒளிப்பதிவாளர் லூசியானோ தோவோலி பெரிய விளக்குகளின் முன்னால் வண்ணத் துணிகளையும் மெல்லிய தாள்களையும் கட்டி, அவற்றை நடிகர்களுக்கு மிக அருகில் கொண்டுவந்து வைத்து அந்த ஒளியை உண்டாக்கினார். டிஸ்னியின் 1937-ஆம் ஆண்டு ‘ஸ்னோ ஒயிட்’ படத்தின் வண்ணங்களே அவர்களுக்கு முன்மாதிரி. குழந்தைக் கதையின் நிறங்களுக்குள் கொலை நடக்க வேண்டும் என்பது திட்டம். பள்ளியின் கதவுக் கைப்பிடிகளைக்கூட, வளர்ந்த பெண்கள் சிறுமிகளாகத் தெரியும் உயரத்தில் பொருத்தியிருப்பார்கள்.

ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் அந்த வண்ணம் பாதிதான் உருவானது. மீதிப் பாதி, பிரதி அச்சிடும் ஆய்வுக்கூடத்தில் உருவானது. படம் எடுக்கப்பட்டது வழக்கமான ஈஸ்ட்மன் வண்ணச் சுருளில். திரையரங்கப் பிரதிகளையோ டெக்னிகலர் நிறுவனத்தின் சாய அச்சு முறையில் எடுத்தார்கள். நெகட்டிவிலிருந்து மூன்று தனித்தனி அச்சுச் சுருள்களை உருவாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு சாயத்தில் தோய்த்து, மஞ்சள், மெஜந்தா, சயான் என மூன்று நிறங்களையும் வெற்றுச் சுருளின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பார்கள். புத்தகத்தில் வண்ணப்படம் அச்சிடுவதற்கு நெருக்கமான முறை இது. எந்தச் சாயம் எவ்வளவு ஆழம், எந்த இடத்தில் கறுப்பு தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அந்த இயந்திரத்தின் அருகில் முடிவானவை. அந்த முறையே வழக்கொழிந்துகொண்டிருந்த காலம் அது. அதில் அச்சான கடைசிச் சில படங்களில் ‘சஸ்பிரியா’வும் ஒன்று.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. இன்று நெகட்டிவை 4கே அளவில் வருடி (ஸ்கேன் செய்து) எடுத்துவிட்டால் மூலம் கையில் கிடைத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறீர்கள். நெகட்டிவில் இருப்பது மூலப்பொருள் மட்டுமே. தோவோலியும் ஆய்வுக்கூடத்தாரும் சேர்ந்து எடுத்த முடிவுகள் அதில் பதிவாகவில்லை. அவை அன்றைய பிரதியில் இருக்கின்றன. சாய அச்சுப் பிரதிகளின் நிறம் எளிதில் மங்காது என்பதால் இன்றும் அவற்றை ஒளிபாய்ச்சிப் பார்த்து ஒப்பிட முடியும். அந்தப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஒருவர் கணினியில் வண்ணம் சீரமைக்க உட்கார்ந்தால், அவர் தன் ரசனையைத்தான் படத்தின்மேல் பூசுவார்.

அப்படியும் நடந்தது. முந்தைய உயர்தர வெளியீடுகளில் ஒளி வேறுபாட்டை அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள். முகங்களின் வெளிச்சப் பகுதி வெள்ளையாக எரிந்துபோயிற்று. சுவரின் சிவப்பில் இருந்த வேலைப்பாடுகள் காணாமல் போய், ஒரே சிவப்புத் தகடாக நின்றது. படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு முதன்முதலில் அந்த வட்டில் பார்த்தவர்கள், அர்ஜென்டோ கண்ணைப் பறிக்கும் வண்ணங்களை வாரி இறைத்தவர் என்றே எண்ணியிருப்பார்கள். பிறகு தோவோலியின் மேற்பார்வையில் மூல நெகட்டிவிலிருந்து 4கே மீட்டெடுப்பு நடந்தது. அமெரிக்காவின் சினாப்ஸ் நிறுவனம் 2017-இல் அதை வெளியிட்டது. ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்ததற்குப் பலன் இருந்தது. சிவப்புக்குள் நிழல் திரும்பியது. மியூனிக்கின் கோனிக்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில், கண்பார்வையற்ற பியானோக்காரர் தன் நாயோடு தனியாக நிற்கும் காட்சியில் சுற்றியிருக்கும் இருள் மறுபடி இருளானது. அதே வட்டில், படம் வெளியானபோது ஆங்கிலப் பிரதிக்கென அமைத்த நான்கு தட ஒலிக்கலவையும் கிடைத்தது. கோப்ளின் குழுவின் இசையும் அதற்குள் கேட்கும் முணுமுணுப்புகளும் அறையின் எந்த மூலையிலிருந்து வர வேண்டுமோ அங்கிருந்து வந்தன.

ஒரு படத்தை எடுத்தவர்களில் யாராவது உயிரோடு இருக்கும்போது அவர்களைத் தேடிப் போங்கள். தோவோலி இருந்ததால் அது முடிந்தது. இன்னும் எத்தனையோ படங்களின் ஒளிப்பதிவாளர்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் ஒரு அழைப்புகூடச் செல்வதில்லை என்பது என்னைக் கோபப்படுத்துகிறது.

‘ஹாலோவீன்’ இதற்கு இன்னொரு சாட்சி. ஜான் கார்பென்டரின் 1978-ஆம் ஆண்டுப் படம். இல்லினாய் மாநிலத்தின் இலையுதிர் காலத்தில் நடக்கும் கதையைக் கலிபோர்னியாவின் வசந்தத்தில் எடுத்தார்கள். சாயம் பூசிய இலைகளைத் தெருவில் கொட்டி, திரும்ப அள்ளி, அடுத்த காட்சிக்கும் அதையே பயன்படுத்தினார்கள். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி இரவுக் காட்சிகளுக்குக் குளிர்ந்த நீல ஒளியைக் கொடுத்தார். இடையில் வந்த ஒரு வெளியீட்டில் அந்த நீலம் பெருமளவு வடிந்துவிட்டது. பகல் காட்சிகள் கோடை வெயிலில் எடுத்தவை போல இருந்தன. அவ்வளவு சிரமப்பட்டு மறைத்த கலிபோர்னியாவை ஒரு வண்ணச் சீரமைப்பாளர் சில மணி நேரத்தில் வெளியே கொண்டுவந்துவிட்டார். 2013-இல் கண்டியே மேற்பார்வையிட்ட பதிப்பு வந்த பிறகுதான் கதை நடக்கும் ஹேடன்ஃபீல்ட் ஊருக்கு அதன் அக்டோபர் திரும்பியது.

நிறம் தவறினால் கதையே தவறும் என்பதற்கு முர்னாவின் ‘நோஸ்பெராட்டு’வைப் பாருங்கள். 1922-இல் வெளிவந்த மௌனப் படம். அன்றைய படச்சுருளின் உணர்திறன் குறைவு என்பதால் இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்தார்கள். பிரதிகளில் அந்தப் பகுதிகளை நீலச் சாயத்தில் தோய்த்தார்கள். நீலம் என்றால் இரவு என்று அன்றைய பார்வையாளருக்குத் தெரியும். பின்னாளில் அந்தச் சாயம் இல்லாத கறுப்பு வெள்ளைப் பிரதிகளிலிருந்து மலிவு வட்டுகள் வந்தன. அவற்றில் ரத்தக் காட்டேரியான கவுன்ட் ஓர்லோக் பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு தெருவில் நடக்கிறார். இறுதியில் விடியற்காலை வெயில் பட்டு மறைகிறார். பார்ப்பவருக்கு எதுவும் விளங்காது. சூரிய ஒளி ரத்தக் காட்டேரியைக் கொல்லும் என்ற வழக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்த படத்துக்கே இந்த நிலை! முர்னாவ் அறக்கட்டளை, பிழைத்திருந்த சாயமேற்றிய பழைய பிரதி ஒன்றை ஆதாரமாகக் கொண்டு அந்த நிறங்களை மீட்டது. அந்தப் பதிப்பு கிடைக்கும்போதும் வெளிறிய பிரதிகளை விற்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது கிரெய்ன், அதாவது படச்சுருளில் தெரியும் நுண்துகள். படச்சுருளில் பிம்பமே அந்தத் துகள்களால் ஆனது. அதை அழுக்கு என்று கருதி மென்பொருளால் துடைக்கும் பழக்கம் உங்களில் பலரை விட்டுப் போகவில்லை. துகளைத் துடைத்தால் தோலின் துளைகளும் துணியின் நெசவும் சேர்ந்து போகும். முகங்கள் மெழுகாகும். பிறகு இழந்த கூர்மையைச் செயற்கையாக ஏற்றுவீர்கள். உருவங்களைச் சுற்றி வெள்ளை விளிம்பு தோன்றும். தேய்ந்த கல்வெட்டை வழவழப்பாக்கிவிட்டு எழுத்துகளைப் புதிதாக வெட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இப்போது செயற்கை நுண்ணறிவை வைத்து, படத்தில் இல்லாத இமை முடியையும் பற்களின் கோட்டையும் வரைந்து சேர்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். அந்த முடி எந்த நடிகருடையதும் இல்லை.

டோபி ஹூப்பரின் ‘தி டெக்ஸாஸ் செயின் சா மசாக்கர்’ 1974-இல் வெளிவந்தது; 16 மி.மீ. சுருளில் எடுக்கப்பட்டது. 35 மி.மீ. சுருளோடு ஒப்பிட்டால் அதில் பிம்பத்துக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. அதனால் துகள் பெரிதாகத் தெரியும். அந்த வீட்டின் புழுக்கம், வெயில், புழுதி எல்லாம் அந்தச் சொரசொரப்பில் இருக்கின்றன. 2014-இல் அதன் நாற்பதாம் ஆண்டுக்காக 4கே மீட்டெடுப்பு செய்தவர்கள் துகளை வைத்துக்கொண்டே கீறல்களையும் கறைகளையும் நீக்கினார்கள். வேண்டியதை மட்டும் நீக்க முடியும் என்பதற்கு அது போதும்.

துகளை வைத்துக்கொண்டால் கோப்பின் அளவு கூடும் என்பது எனக்குத் தெரியும். சுருளின் ஒவ்வொரு படச்சட்டத்திலும் துகள் இடம் மாறுவதால், சுருக்கும் மென்பொருளுக்கு அதிகத் தரவு தேவைப்படுகிறது. அதற்காகத்தான் 50 ஜிபி வட்டு இருக்கிறது. 4கே வட்டில் 100 ஜிபி வரை இடம் இருக்கிறது. ஒரு படத்தையும் மணிக்கணக்கான துணைக் காட்சிகளையும் 25 ஜிபிக்குள் திணிக்காதீர்கள். மற்ற வகைப் படங்களில் இந்தக் கஞ்சத்தனம் கண்ணில் படாமல் போகலாம். திகில் படம் பெரும்பாலும் இருட்டில் நடப்பது. சுருக்கும்போது முதலில் பலியாவது இருட்டுதான். படிக்கட்டின் அடியில் யாரோ நிற்கிறார்களா என்று நாங்கள் உற்றுப் பார்க்கும் இடத்தில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் துடிக்கின்றன. வழக்கமான புளூரேயில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள், 4கே வட்டில் 1024. இவ்வளவு வசதி இருந்தும், நிழலைத் தூக்கி வெளிச்சமாக்கிக் காட்டுவதற்கே பலர் அதைப் பயன்படுத்துகிறீர்கள். மூலையில் எதுவும் தெரியக்கூடாது என்று ஒளிப்பதிவாளர் முடிவெடுத்திருந்தால் அங்கே எதுவும் தெரியக்கூடாது.

ஒலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் காலத்துத் திகில் படங்களில் பெரும்பாலானவை மோனோவில், அதாவது ஒற்றைத் தட ஒலியில் வந்தவை. அவற்றைச் சுற்றிலும் பல ஒலிபெருக்கிகளில் கேட்கும் 5.1 ஆக விரிப்பதை நான் எதிர்க்கவில்லை. விரும்புகிறவர் கேட்கட்டும். விரிக்கும்போது பழைய இடிச் சத்தத்தை நீக்கிப் புதிய இடியைப் போடுகிறீர்கள், கத்திக்கு இல்லாத உலோக ஓசையைச் சேர்க்கிறீர்கள், மூலத் தடத்தை வட்டிலேயே வைக்காமல் விட்டுவிடுகிறீர்கள். நான் வாங்கிய ஒரு வட்டின் உறையில் ‘மூல மோனோ ஒலி’ என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. போட்டுக் கேட்டால் அதே புதிய 5.1 கலவையை ஒற்றைத் தடமாக மடித்துப் போட்டிருந்தார்கள். புதிய ஓசைகள் அத்தனையும் அதில் இருந்தன. வெளியிட்ட நிறுவனத்துக்கு எழுதினேன். உறையில் உள்ள விவரம் சரியே என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. இத்தகைய பதிலை எழுதும் முன் யாராவது அந்த வட்டைப் போட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்கான பழைய டிவிடிகளில் இன்னொரு கோளாறு உண்டு. வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓட வேண்டிய படம் 25 படச்சட்டங்களாக ஓடும். 98 நிமிடப் படம் 94 நிமிடத்தில் முடிந்துவிடும். எல்லோருடைய குரலும் சற்றுக் கீச்சென்று ஏறும், இசையின் சுருதியும் ஏறும். புளூரேயில் இந்தத் தொல்லை இருக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பழைய ஒலித்தடத்தையே எடுத்து ஒட்டினால் சுருதி ஏறியபடியே வந்து சேரும். சரிபார்க்க ஒரு பிற்பகல் போதும்.

இனி, எந்த வடிவம் என்ற கேள்வி. திகில் படங்கள் தணிக்கையாளர்களிடமும் விநியோகஸ்தர்களிடமும் மற்ற வகைப் படங்களைவிட அதிகம் வெட்டுப்பட்டவை. ராபின் ஹார்டியின் ‘தி விக்கர் மேன்’ 1973-இல் பிரிட்டனில் சுமார் 88 நிமிடமாகச் சுருக்கப்பட்டு, இரட்டைக் காட்சியின் துணைப்படமாக வெளியானது. வெட்டிய பகுதிகளின் மூலம் தொலைந்துபோனது. அமெரிக்காவில் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனிடம் ஒரு நீண்ட பிரதி இருந்ததால்தான் சுமார் 99 நிமிட வடிவம் தரம் குறைந்த நாடாவிலாவது பிழைத்தது. பின்னர் ஹார்வர்ட் திரைப்படக் காப்பகத்தில் கிடைத்த 35 மி.மீ. பிரதியைக் கொண்டு 2013-இல் 94 நிமிட இறுதி வடிவம் வந்தது. சேர்த்த இடங்களில் படத்தின் தரம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அது எனக்குக் குறையாகப் படவில்லை. எது எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. வில்லியம் பீட்டர் பிளாட்டியின் ‘தி எக்ஸார்சிஸ்ட் 3’ படத்துக்கு 2016-இல் இயக்குநர் வடிவத்தைத் தொகுத்தபோது, தொலைந்த காட்சிகளுக்கு விஎச்எஸ் நாடாக்களில் இருந்த பதிவுகளையே பயன்படுத்தினார்கள். மங்கலாக இருக்கிறது. ஆனாலும் பார்க்கிறோம். எங்களுக்குப் பளபளப்பு முக்கியமில்லை என்பதை இந்த வெளியீடுகளை வாங்கியவர்கள் காட்டிவிட்டார்கள்.

இயக்குநரே பின்னாளில் மாற்றினாலும் என் கருத்து இதேதான். மாற்றிய வடிவத்தை முதல் வட்டில் வையுங்கள். முதலில் வெளியான வடிவத்தை இரண்டாவது வட்டில் வையுங்கள். முதல் வடிவத்தைப் புழக்கத்திலிருந்து எடுக்கும் உரிமை யாருக்கும் இருக்கக்கூடாது.

ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு படம் கேட்பாரற்றுப் போனால் என்ன ஆகும் என்பதை அதைவிட நன்றாக எதுவும் காட்டவில்லை. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஒரு சிறு குழு சுமார் 1,14,000 டாலரில் எடுத்து, 1968 அக்டோபரில் அங்கேயே முதலில் திரையிட்ட படம். கடைசி நேரத்தில் விநியோகஸ்தர் தலைப்பை மாற்றினார். பழைய தலைப்பு அட்டையில் இருந்த பதிப்புரிமை அறிவிப்பு புதிய அட்டையில் விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாததால் படம் பொதுவுடைமை ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்கலாம் என்றானது. நகலின் நகலின் நகல் என்று விஎச்எஸ்ஸிலும் டிவிடியிலும் குவிந்தது. சாம்பல் நிறங்கள் எல்லாம் போய்ச் சுண்ணாம்பு வெள்ளையும் தார்க் கறுப்பும் மிஞ்சின. வண்ணம் பூசிய பதிப்புகள் வந்தன. 1999-இல், முப்பதாம் ஆண்டுப் பதிப்பு என்ற பெயரில் புதிதாகக் காட்சிகளை எடுத்துச் செருகிய ஒன்றும் வந்தது. அந்தப் படம் இயல்பாகவே அழுக்கான, பழைய செய்திப்படம் போன்ற ஒன்று என்ற எண்ணமே நிலைத்துவிட்டது.

நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகமும் தி ஃபிலிம் ஃபவுண்டேஷனும் மூல நெகட்டிவிலிருந்து அதை மீட்டு 2016-இல் திரையிட்டன. கிரைட்டீரியன் நிறுவனம் 2018-இல் வட்டாக வெளியிட்டது. அதில் பார்த்தால் ரொமேரோவின் ஒளிப்பதிவு எவ்வளவு கவனமானது என்று தெரிகிறது. நாயகனாக நடித்த டுவேன் ஜோன்ஸ் சன்னல்களுக்குப் பலகை அடிக்கும் காட்சியில் மரத்தின் ரேகை தெரிகிறது, அவர் கழுத்தில் வியர்வை தெரிகிறது, சுவரில் அவர் நிழல் மூன்று விதக் கறுப்பில் விழுகிறது. இத்தனை ஆண்டுகளும் அது நெகட்டிவில் இருந்திருக்கிறது. 2017-இல் இறப்பதற்கு முன் ரொமேரோ அந்த மீட்டெடுப்பைப் பார்த்துவிட்டார் என்பது எனக்கு ஆறுதல். உரிமை யாரிடமும் இல்லாத, லாபத்துக்கு உத்தரவாதம் இல்லாத ஒரு படத்துக்கு இதைச் செய்ய முடிந்தது. உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு பழைய நாடாவைப் பெரிதாக்கி விற்பவர்கள் எந்த நியாயத்தைச் சொல்வார்கள்?

உறையின் பின்பக்கத்தில் துணைக் காட்சிகளின் பட்டியலுக்கு இடம் இருக்கிறது. அதிலேயே நான்கு வரிகள் கூடுதலாக அச்சிடுங்கள். எதிலிருந்து வருடினீர்கள், நெகட்டிவா, இடைப் பிரதியா, திரையரங்கப் பிரதியா, எந்த ஆண்டில். வண்ணத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர் யார், அல்லது எந்தப் பிரதியை ஒப்பிட்டீர்கள். துகளைக் குறைத்தீர்களா. மூல ஒலித்தடம் இருக்கிறதா. பதினைந்து ஆண்டுக்கு முந்தைய பழைய டிஜிட்டல் பதிவையே மறுபடி பயன்படுத்தியிருந்தால் அதையும் எழுதுங்கள். மலிவு விலையில் அதை வாங்க ஆள் இருப்பார்கள், தெரிந்தே வாங்குவார்கள்.

தவறு நேர்ந்துவிட்டால் திருத்திய வட்டை அனுப்பும் நல்ல வழக்கம் உங்களில் சிலரிடம் இருக்கிறது. எல்லோரும் அதைப் பின்பற்ற வேண்டும். வாங்கிய ரசீதைக் காட்டினால் போதும் என்று வையுங்கள். குறைந்தது இரண்டு ஆண்டுக்காவது அந்த வாய்ப்பைத் திறந்து வையுங்கள், ஏனென்றால் வட்டை வாங்கி உடனே பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். வெளியீட்டுத் தேதியைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தால் தயங்காமல் தள்ளிவையுங்கள். நல்ல பிரதி ஒன்று எங்கோ காப்பகத்தில் இருப்பதாகத் தகவல் வந்து அதற்காகக் காத்திருக்கிறோம் என்று அறிவித்தால், முன்பணம் கட்டிய எவரும் அதைத் திரும்பக் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் வட்டுகளை வாங்கிச் சேர்க்கும் ஒரு திகில் பட ரசிகன்